கூகுள்ல போட்டுப் பாரு கண்ணு!

ரிஷிவந்தியம் பக்கம் ஒரு வீட்டில் காலேஜ் போகிற பையனோ பொண்ணோ இருந்தால், அந்தத் தெருவுக்கே சம்பளம் வாங்காத ஒரு டாக்டர் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம். படிப்பது பி.காம். ஆக இருக்கலாம், பி.ஏ. தமிழாகக்கூட இருக்கலாம். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கையில் டச் போன் இருக்கா? இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியுமா? அவ்வளவுதான் தகுதி. "இந்த ரிப்போர்ட்ல என்னமோ சிவப்பு மையில போட்டிருக்காங்க, கூகுள்ல போட்டுப் பாரு கண்ணு!"

அம்மாவின் சுகர் ரிப்போர்ட், தாத்தாவின் மாத்திரை அட்டை, பக்கத்து வீட்டு அக்காவின் ஸ்கேன் பேப்பர்... பஸ் பாஸையும் செமஸ்டர் ஃபீஸையும் தவிர மற்ற எல்லாப் பேப்பரும் இந்த 'டாக்டர்' கைக்கு வந்துவிடும். பகண்டை கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே அத்தையிடமிருந்து போன் வரும். "மாமாவுக்குக் கிரியாட்டினைன் ஒண்ணு புள்ளி நாலாம், அது நல்லதாடா, கெட்டதாடா?"

சிரிக்காதீங்க பாஸ். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிற ஒருவரின் தலையில் இது உண்மையிலேயே பெரிய பாரம். தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று பயம். தெரியாது என்று சொன்னால், "என்னத்த படிச்சே?" என்று ஒரு குத்தல். அதனால் அவசர அவசரமாகத் தேடி, கண்ணில் பட்ட முதல் பதிலைச் சொல்லிவிடுவது வழக்கம். அந்த முதல் பதில் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம்? விஷயத்துக்கு வருவோம்.

டாக்டர் இருக்கும்போது எதுக்கு கூகுள்?

நியாயமான கேள்விதான். இது கரும்பும் நெல்லும் விளைகிற ஊர்ப்பக்கம். மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. தெருவுக்குத் தெரு சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள். (ஆலைக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை, சும்மா ஒரு ஒற்றுமைக்குச் சொன்னேன்!) பெரிய வியாதி என்றால் ஒரு காலத்தில் விழுப்புரம் முண்டியம்பாக்கம், சேலம், இல்லாவிட்டால் பாண்டிச்சேரி ஜிப்மர் என்று மூட்டை கட்ட வேண்டும். 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரி 12-ல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆக, முன்பைவிட டாக்டர் ரொம்பவே பக்கத்தில் வந்துவிட்டார்.

ஆனால் பக்கத்தில் வந்த டாக்டரிடம் நேரம் இல்லையே! உலகம் முழுக்க டாக்டர்கள் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்று 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டிய ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. இந்தியாவின் கணக்கு சுமார் 2 நிமிடம். அந்த 2 நிமிடத்தில் நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, சீட்டு எழுதி, "அடுத்து யாரு?" என்று கூப்பிடவும் வேண்டும். வெளியே வரிசையில் 80 பேர். டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. நமக்குத்தான் வெளியே வந்ததும் கேள்வி கேள்வியாக வரும். இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் வாந்தி வருமா? எத்தனை நாளைக்கு? கத்தரிக்காய் சாப்பிடலாமா? இதையெல்லாம் கேட்க ஆள் இல்லாதபோது போன்தான் கதி. கூகுளில் நடக்கும் தேடல்களில் 20-க்கு 1 உடம்பு சம்பந்தப்பட்டது என்று அந்த நிறுவனமே 2015-ல் சொன்னது. அந்தக் கூட்டத்தில் நம்ம ஊர் அத்தைகளும் அடக்கம்.

தலைவலி என்று தட்டினால்...

தேடுவது தப்பில்லை. தேடினால் என்ன வருகிறது என்பதில்தான் சிக்கல். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரயன் ஒயிட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2008-ல் ஒரு வேலை செய்தார்கள். 'தலைவலி' என்று தேடினால் வரும் பக்கங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். காபியை நிறுத்தியதால் வரும் தலைவலி பற்றிய பக்கங்களும், மூளைக் கட்டி பற்றிய பக்கங்களும் ஏறக்குறைய சரிசமமாக வந்தன! நிஜ உலகில் காபி கேஸ் ஊருக்கு நூறு பேர். மூளைக் கட்டி பல ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது. இணையத்துக்கு இந்த விகிதாசாரம் தெரியாது. பயமுறுத்துகிற விஷயத்தைத்தான் நிறைய பேர் எழுதுகிறார்கள், நிறைய பேர் படிக்கிறார்கள், அதனால் அதுவே மேலே வருகிறது. இப்படித் தேடித் தேடி பயத்தை வளர்த்துக்கொள்வதற்கு 'சைபர்காண்ட்ரியா' என்று ஒரு பெயரே இருக்கிறது.

லேப் ரிப்போர்ட் விஷயத்திலும் இதே கதைதான். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோ, தடித்த எழுத்தோ இருந்தால் வீடே கதிகலங்கும். 'நார்மல்' என்று அச்சடிக்கிறார்களே, அந்த அளவு எப்படி வந்தது தெரியுமா? பெரும்பாலான டெஸ்ட்டுகளுக்கு, ஆரோக்கியமானவர்களை அளந்து பார்த்து, நடுவில் இருக்கும் 95 சதவிகிதம் பேரின் அளவை 'நார்மல்' என்று வைக்கிறார்கள். அதாவது, ஒரு நோயும் இல்லாத 20 பேரில் ஒருவர் இந்தக் கோட்டுக்கு வெளியேதான் இருப்பார். 'முழு உடல் பரிசோதனை சலுகை விலையில்' என்று போய் 20 டெஸ்ட் எடுத்தால்? கணக்குப் போட்டுப் பாருங்க மேத்ஸ் ஸ்டூடண்ட்ஸ். நல்லா இருக்கிற ஆளுக்கே, ஒன்றாவது சிவப்பில் வருகிற வாய்ப்பு சுமார் 64 சதவிகிதம்!

இன்னொரு கண்ணி, யூனிட். நம்ம ஊர் லேப்பில் சுகரை மில்லிகிராம் கணக்கில் கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் 126, அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய் என்பது கணக்கு. பிரிட்டன் இணையதளம் ஒன்றைத் திறந்தால் '7' என்று போட்டிருக்கும். அங்கே மில்லிமோல் கணக்கு. இரண்டும் ஒன்றுதான், 7-ஐ 18-ஆல் பெருக்கினால் 126. இது தெரியாமல் "ஏழுதான் லிமிட்டாம், உனக்கு நூத்தி இருபதும்மா!" என்று அலறினால் அம்மாவுக்கு சுகரோடு பிரஷரும் ஏறிவிடும். ஆகவே ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்ப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கும் யூனிட்டைப் பாருங்க. அதே பேப்பரில் அந்த லேப் அச்சடித்திருக்கும் அளவோடு மட்டும் ஒப்பிடுங்க.

மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். தேட வேண்டியது அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை. டோலோ, கால்பால், க்ரோசின் என்று பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது பாராசிட்டமால்தான். சளிக்கு என்று மெடிக்கலில் கொடுக்கும் பல மாத்திரைகளிலும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று போட்டால் ஒரே மருந்தை மூன்று முறை விழுங்கியதாக ஆகிவிடும். அளவு மீறினால் அடி வாங்குவது கல்லீரல்.

தமிழில் தேடினால் என்ன கிடைக்கும்?

இங்கேதான் நம் பிரச்னை தனி. ஒரே கேள்வியை ஆங்கிலத்தில் தட்டினால் ஏதாவது பெரிய ஆஸ்பத்திரி, ஏதாவது அரசாங்கத்தின் பக்கம் முதலில் வரும். தமிழில் தட்டினால்... 'ஏழே நாளில் சுகர் காணாமல் போகும்', 'டாக்டர்கள் மறைக்கும் ரகசியம்', 'இந்த ஒரு இலை போதும்'. கூடவே சிவப்பு அம்புக்குறி போட்ட ஒரு படம். தமிழில் நல்லபடியாக விளக்கிப் பேசும் டாக்டர்களும் யூடியூபில் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய வீடியோவில் 'இருக்கலாம்', 'பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்' என்றெல்லாம் வரும். இலைக்காரர் 'கேரண்டி' என்பார். வலியில் இருப்பவர் எதை க்ளிக் செய்வார்?

முன்பும் இந்த ஆட்கள் இருந்தார்கள். லாட்ஜில் ரூம் போட்டு ஊர் ஊராக வந்த வைத்தியர்கள், நடுராத்திரி டிவியில் இளைஞர்களை மிரட்டிய வைத்தியர்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவர்கள்தானே! அவர்களுக்கு எதிராக 1954-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் என்று நீளமான பெயர். அதன் பட்டியலில் 54 நோய்கள், குறைபாடுகள் இருக்கின்றன. சர்க்கரை நோய், புற்றுநோய், உடல் பருமன், ஆண்மைக் குறைவு எல்லாம் அதில் வரும். உயரமாக வளர வைப்பதும் வரும்! இவற்றைக் குணமாக்குகிறேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். அடுத்த முறை 'உயரம் 3 இன்ச் கூடும்' என்று ரீல்ஸ் வந்தால் இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

சரி, வீடியோவில் வெள்ளைக் கோட்டு போட்டுப் பேசுபவர் நிஜ டாக்டர்தானா? இதைக் கண்டுபிடிப்பது சுலபம். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். ஆன்லைனில் வைத்தியம் பார்க்க 2020 மார்ச் 25-ல் வந்த டெலிமெடிசின் விதிகளின்படி, டாக்டர் தன் பதிவு எண்ணை நோயாளிக்குத் தெரியப்படுத்தியே ஆக வேண்டும். எண் கேட்டால் கோபம் வருகிறதா? அப்படியே கட் பண்ணிடுங்க.

வீடியோ பார்த்து ஒரு பிரசவம்

2018 ஜூலையில் திருப்பூரில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். 28 வயது ஆசிரியை, இரண்டாவது பிரசவம். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முடிவு செய்து, கணவரும் நண்பர்களும் யூடியூப் வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். அடுத்த சில நாட்களில், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கர் கோவையில் கைதானார். அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 2023 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே இன்னொரு இளம்பெண் வீட்டுப் பிரசவத்தில் இறந்தார். அங்கேயும் யூடியூப்தான் வழிகாட்டி என்று விசாரணையில் பேசப்பட்டது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு தம்பதி, 1,000 பேருக்கு மேல் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவின் ஆலோசனையோடு வீட்டில் பிரசவம் பார்த்ததாகச் செய்தி வந்தது. அங்கே தாயும் சேயும் தப்பித்தார்கள்.

இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. திருப்பூரில் இறந்தவர் பள்ளியில் பாடம் நடத்தியவர். ஆஸ்பத்திரியில் திட்டுவார்கள், தேவையில்லாமல் ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீடியோக்காரர்கள் உள்ளே நுழைகிறார்கள். 'நம்ம பாட்டி பத்து பெத்தாளே!' என்பார்கள். பாட்டி பத்து பெற்றது நிஜம். அதில் எத்தனை தங்கியது, பாட்டியின் அக்கா தங்கச்சியில் எத்தனை பேர் பிரசவத்தில் போனார்கள் என்று அதே பாட்டியிடம் கேட்டுப் பாருங்க.

வீடியோவில் காட்டாத விஷயம் இதுதான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வந்த பிறகு கர்ப்பப்பை கல் மாதிரி இறுகினால்தான் அந்தக் குழாய்கள் அடைபடும். இறுகாவிட்டால் ரத்தம் நிற்காது. இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். யாருக்கு இறுகும், யாருக்கு இறுகாது என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆஸ்பத்திரியில் அதற்கு ஆக்ஸிடோசின் ஊசி இருக்கிறது, ரத்தம் இருக்கிறது. வீட்டில் போன் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் சார்ஜ் இருந்தால்.

காலேஜ் வயசுக்கு வருவோம். 2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் 17 வயதுப் பையன் ஒருவர் இறந்தார். காலேஜில் சேரப் போகிறோம், ஒல்லியாகிவிட வேண்டும் என்று யூடியூப் பார்த்து சுமார் 3 மாதம் பழச்சாறு மட்டுமே குடித்துவந்ததாக வீட்டில் சொன்னார்கள். அதே வருடம் மார்ச்சில் கேரளாவின் கண்ணூரில் 18 வயதுப் பெண் ஒருவர், எடை கூடிவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் சாப்பாட்டைத் தவிர்த்து உயிரைவிட்டார். பட்டினி கிடந்தால் கொழுப்பு மட்டும்தான் கரையும் என்று நினைக்கிறோம். கூடவே தசை கரையும், இதயமும் தசைதான். ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் போன்ற உப்புகள் தாறுமாறானால் இதயத் துடிப்பு தடம் மாறும். வீடியோவில் 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இரண்டு போட்டோ மட்டும் போடுவார்கள். நடுவில் இருக்கும் நாட்களைப் போட மாட்டார்கள்.

ஃபார்வர்ட் பண்ணும் பெரியப்பா

தேடாமலே வந்து விழும் தகவல் இன்னொரு ரகம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, ஊசி போட்டால் குழந்தைக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளி பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவியது. பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கு நீட்ட வேண்டியதாகிவிட்டது. 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ந் தேதி மாரடைப்பில் இறந்தார். அந்த இரண்டு நாள் இடைவெளி போதாதா? கிராமங்களில் ஊசி முகாம்கள் ஈ ஓட்டின. தடுப்பூசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு அந்த அக்டோபரில் சொன்னது. அந்தச் செய்தியை எந்தப் பெரியப்பாவும் ஃபார்வர்ட் பண்ணவில்லை!

சிக்னலே இல்லாத இடத்தில்

மேற்கே கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர் தாண்டி உள்ளே போனால் போனை ஆட்டி ஆட்டி சிக்னல் பிடிக்க வேண்டிய ஊர்கள் உண்டு. உடம்பு முடியாதவரைத் தூளி கட்டித் தூக்கிவந்த கதைகளும் உண்டு. கூகுள், யூடியூப் எல்லாம் அங்கே இரண்டாம் பட்சம். முதலில் ரோடு, அப்புறம்தான் டவர். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மலை மக்களின் நிலைமையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது.

அதற்குக் காரணமான சம்பவம் எல்லோருக்கும் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மெத்தனால் உள்ளே போனதும் சாதாரணப் போதை மாதிரிதான் இருக்கும். பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல். அதற்குள் உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றி, கண் நரம்பைத் தின்ன ஆரம்பித்திருக்கும். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் போனில் 'வயிற்று வலி, வாந்தி' என்று தட்டினால் என்ன வரும்? கேஸ் டிரபிள், ஓமத்தண்ணி! நேற்று ராத்திரி என்ன குடித்தோம் என்பது போனுக்குத் தெரியாதே.

கட்டுவிரியன் கடியும் அப்படித்தான். கரும்புத் தோட்டமும் வயக்காடும் சூழ்ந்த ஊரில் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ராத்திரி தரையில் படுத்திருக்கும்போது கடிக்கும். பல் மெல்லிசு, வலி குறைவு, பல நேரம் தூக்கமே கலையாது. விடியற்காலை வயிற்று வலி, பிறகு கண் இமை சொருகும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். 'காலையில் வயிற்று வலி' என்று தேடினால் பாம்பு வராது. நேற்று தரையில் படுத்தாரா என்று கேட்கத் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும், நர்ஸோ டாக்டரோ. இந்தியாவில் பாம்புக்கடியால் வருடத்துக்கு சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. சினிமாவில் வருவதுபோல் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்க. பாம்பை அடித்து எடுத்துப்போகவும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

ஹிஸ்டரியை அழிக்கிற தேடல்கள்

இப்போ கொஞ்சம் பக்கத்தில் வாங்க. அத்தைக்காகத் தேடுவது பகலில். நமக்காகத் தேடுவது ராத்திரி, போர்வைக்குள். தேடி முடித்ததும் ஹிஸ்டரியை அழிக்கிறோம். பத்திரிகைகளுக்கு 'பெயர் வெளியிட விரும்பாத வாசகி' என்று கடிதம் போட்ட காலம் ஒன்று இருந்தது. விஜய் டிவி 'புதிரா புனிதமா'வில் டாக்டர் மாத்ருபூதம் கூச்சப்படாமல் பதில் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இப்போது அதே கேள்விகள் கூகுளுக்குப் போகின்றன.

பசங்களின் நம்பர் ஒன் பயம், கைப்பழக்கம். 'ஒரு துளி விந்து இத்தனை துளி ரத்தம்' என்கிற கதையை நம்பி உடம்பு இளைக்கிறது, ஞாபகசக்தி போகிறது என்று பயந்து வருகிறவர்கள் அந்தக் காலத்திலேயே ஏராளம். அதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று 1960-ல் பெயர் வைத்தார் மனநல மருத்துவர் என்.என்.விக். அங்கே உடம்பில் நோய் இல்லை. நோய் என்று சொல்லிப் பணம் பிடுங்குகிறவர்கள்தான் இருக்கிறார்கள்.

பெண்களின் பயம் இதைவிடப் பெரியது. நாள் தள்ளிப்போய், யாரிடமும் சொல்ல முடியாமல், 'கரு கலைய மாத்திரை' என்று தேடி, எங்கிருந்தோ வாங்கிப் போட்டு, ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிய கேஸ்களை டாக்டர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலையே செய்யாது, குழாய் வெடித்துவிடும் ஆபத்து உண்டு. ஸ்கேன் பார்க்காமல் அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. தேடலில் மேலே வராத விஷயம் ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்க. கருக்கலைப்பு நம் நாட்டில் சட்டத்துக்கு உட்பட்டதுதான். 2021-ல் திருத்திய சட்டப்படி 20 வாரம்வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும். 18 வயது முடிந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை. அப்பா, கணவர் கையெழுத்து சட்டத்தில் கேட்கப்படவில்லை. பெயரை வெளியே சொன்னால் டாக்டருக்கு ஜெயில் தண்டனைகூட உண்டு. 20 முதல் 24 வாரத்துக்கு உள்ள சலுகையைத் திருமணமாகாத பெண்களுக்கும் மறுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது.

மனசு சரியில்லை, செத்துடலாம்போல இருக்கு என்று தட்டுகிறவர்களுக்கு: 14416. 'டெலி மானஸ்'. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

இப்போ ஏஐ வேற வந்தாச்சு!

லேட்டஸ்ட் ட்ரெண்ட், ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து சாட்ஜிபிடியிடம் நீட்டுவது. தமிழில் கேட்டால் தமிழில் பொறுமையாக விளக்குகிறது, 2 நிமிடத்தில் எழுந்து போகச் சொல்வதில்லை. ரிப்போர்ட்டில் இருக்கும் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்க இது நிஜமாகவே உதவும். மருந்து மாற்றுவதற்கு அல்ல. அமெரிக்காவில் 60 வயது மனிதர் ஒருவர் உப்புக்குப் பதில் என்ன சேர்க்கலாம் என்று சாட்ஜிபிடியுடன் பேசிவிட்டு, சோடியம் புரோமைடு என்கிற ரசாயனத்தை வாங்கி 3 மாதம் சாப்பாட்டில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்று சந்தேகப்பட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மூன்று வாரம் படுக்கை. இதை 2025 ஆகஸ்ட்டில் ஒரு மருத்துவ இதழே பதிவு செய்தது. மெஷினுக்குத் 'தெரியாது' என்று சொல்ல வராது. அத்தையிடம் மாட்டிக்கொண்ட நம்ம பி.காம். டாக்டர் மாதிரியேதான்!

இவ்வளவும் படித்துவிட்டு, நாளைக்கு மறுபடி அந்த போன் வரும், "கூகுள்ல போட்டுப் பாரு கண்ணு" என்று. தாராளமாகப் பாருங்க. கூடவே 104-ஐயும் போட்டுப் பாருங்க. தமிழ்நாடு அரசு 2013 டிசம்பரில் தொடங்கிய மருத்துவ ஆலோசனை எண், கட்டணம் இல்லை, எதிர்முனையில் தமிழில் பேசுகிற மனிதர். ரிப்போர்ட்டைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்கிற வேலையை விட்டுவிட்டு, ஒரு செக்ரட்டரி வேலை பாருங்க. அத்தை டாக்டரிடம் போகும் முன், வலி எப்போது தொடங்கியது, என்னென்ன மாத்திரை ஓடுகிறது, கேட்க வேண்டிய மூன்று கேள்வி என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்க. மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரே பையில் போட்டு அனுப்புங்க. 'வெள்ளையா, ரவுண்டா ஒரு மாத்திரை' என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது.